உதட்டுக் கொப்புளத்துக்கு மாத்திரை: ரெண்டு வேளை போதுமா?

கேள்வி, 4 மார்ச் 2024

மூணு மாசத்துக்கு ஒரு தடவை மேலுதட்டில் கொத்தாகக் கொப்புளம் வருகிறது. தெருமுனைக் கடையில் அசைக்ளோவிர் 200 கொடுத்து, காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடச் சொன்னார்கள். ரெண்டு நாள் போட்டேன், ஒரு பலனும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி, வாலசைக்ளோவிர் என்று ஒண்ணு இருக்கு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறான். இதெல்லாம் உடம்புக்கு ஒத்துக்குமா? களிம்பே போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 4 மார்ச், இரவு 10.50

நான் நாதஸ்வரக்காரன். உதட்டை வைத்துத்தான் சோறு. இந்தக் கொப்புளம் எனக்கு ஒன்பது வயதில் ஆரம்பித்தது, இப்போது நாற்பத்து நாலு. முப்பத்தைந்து வருஷ சர்வீஸ்.

கடைக்காரர் சொன்ன கணக்கு தப்பு. அசைக்ளோவிர் உடம்பில் தங்காத மருந்து. விழுங்குவதில் ஐந்தில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகும். போனதிலும் பாதி மூணு மணி நேரத்தில் சிறுநீரில் இறங்கிவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஐந்து நாள் என்று எழுதுவார்கள். ஒரு வேளைக்கு 200 என்பார் ஒரு டாக்டர், 400 என்பார் இன்னொருவர், ஆனால் வழக்கமான கணக்கு ஐந்து வேளைதான். காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு போட்டால் வைரஸுக்கு நடுவில் மத்தியானத் தூக்கம் வரைக்கும் கிடைக்கும்.

தம்பி சொன்னதும் நிஜம்தான். வாலசைக்ளோவிர் வேறு மருந்து இல்லை. அதே அசைக்ளோவிரோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி அனுப்புகிறார்கள். குடல் அதை நன்றாக இழுத்துக்கொள்கிறது, உள்ளே போனதும் ஒட்டு கழன்று பழைய அசைக்ளோவிர் ஆகிவிடுகிறது. இந்த வழியில் பாதிக்கு மேல் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். உதட்டுக் கொப்புளத்துக்கு 2 கிராம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம். காலை ஆறு, சாயங்காலம் ஆறு. அவ்வளவுதான்.

ஆனால் எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கு. போன மாசம் மாசித் தேர். பத்து மணி வெயிலில் தேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகிறேன், வீதி திரும்பும்போது கீழுதட்டு வலது ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. வெளியே ஒண்ணும் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் சுத்தமான உதடு. அந்த எறும்பு ஊரும்போதே முதல் வேளை உள்ளே போய்விட வேண்டும். கொப்புளம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு போட்டால் பாதி பணம் வீண், பொருக்குத் தட்டிய பிறகு போட்டால் முழுப் பணமும் வீண்.

அதனால் என் பையில் சீவாளிப் பெட்டியோடு (சீவாளி என்பது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற தட்டை) எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். செட்டில் யாருக்கு வந்தாலும் அதிலிருந்தே பிய்த்துக் கொடுப்பேன்.

5 மார்ச், காலை 6.15

ராத்திரி கொஞ்சம் வீராப்பாக எழுதியிருக்கேன். ஒரே நாளில் முடிவது மாத்திரை போடுகிற வேலைதான், கொப்புளம் இல்லை. பெரிய ஆய்வுகளில் சராசரியாக ஒரு நாள்தான் குறைந்திருக்கு. எதுவும் போடாமல் விட்டால் ஏழிலிருந்து பத்து நாளில் அதுவாகவே ஆறுகிற புண் இது.

என் கச்சேரி டைரியில் ஓரமாகக் குறித்து வைத்திருக்கேன். குறுகுறுப்பிலேயே பிடித்துப் போட்டது பதினோரு தடவை. அதில் மூணு தடவை கொப்புளமே வரவில்லை, மற்றதெல்லாம் வந்தது, ஆறு நாளில் போனது. அந்த மூணு மாத்திரையால் அடங்கியதா, தானாகவே அடங்கியிருக்குமா, சத்தியமாகச் சொல்ல முடியாது. மாத்திரை போடாமலே குறுகுறுத்துவிட்டுச் சும்மா போன நாளும் உண்டு.

எனக்கு ஒரு நாள் என்பது பெரிய விஷயம். முகூர்த்தத்துக்கு ஒரு நாள் பிந்தினால் கெட்டிமேளத்துக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அந்த ஒரு நாள் வேண்டுமா என்பது அவர் பாடு.

5 மார்ச், இரவு

ஒருத்தர் எழுதியிருக்கார், "பல்லி மூத்திரம் பட்டிருக்கும், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுங்க." எங்கள் வீட்டில் பல்லியைத்தான் முதலில் பிடித்தார்கள் சார். அப்புறம் எட்டுக்கால் பூச்சி. அப்புறம் உடம்புச் சூடு. பாட்டி என்னைக் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் அக்கி எழுதச் சொன்னாள். அவர் காவி மண்ணைக் குழைத்து, கோழி இறகால் தாடையைச் சுற்றி என்னவோ எழுதினார். சிங்கம் என்றார், எனக்குப் பூனை மாதிரி தெரிந்தது. ஈரக் காவி ஜில்லென்று இருந்ததும், மூணு நாள் குளிக்கக் கூடாது என்று சொன்னதும் ரொம்பப் பிடித்தது. எட்டாம் நாள் ஆறியது. அக்கிதான் ஆற்றியது என்று பாட்டி சாகும்வரை சொன்னாள். எட்டாம் நாள் எதுவும் எழுதாமலே ஆறும் என்று யார் அவளிடம் சொல்வது?

நிஜமான அக்கி வேறு. அது சின்னம்மை வைரஸ் வருஷக் கணக்காக நரம்பில் படுத்திருந்து, உடம்பில் ஒரு பக்கமாக, பட்டை போல எழும்புவது. உதட்டில் வருவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், பெரும்பாலும் முதல் வகை. ரெண்டும் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி. மாத்திரையும் அதே மாத்திரைதான், ஆனால் அளவு வேறு. அக்கிக்கு வாலசைக்ளோவிர் 1 கிராம் மூணு வேளை, ஏழு நாள். வீட்டில் யாருக்கோ அக்கி வந்து மிச்சமான அட்டையில் எழுதியிருக்கிற கணக்கைப் பார்த்து உதட்டுக்குப் போடாதீங்க.

7 மார்ச்

"ஹெர்பிஸ்னா அந்த மாதிரி வியாதி தானே?" என்று தனிச்செய்தியில் கேட்டவருக்குப் பொதுவிலேயே பதில்.

ஒரு தடவை கடையில் சீட்டை நீட்டினேன். கல்லாவில் இருந்த பையன் உள்ளே பார்த்து, "அண்ணே, ஹெர்பிஸ் மாத்திரை எங்கே இருக்கு?" என்று கத்தினான். கடையில் ஆறு பேர். அதில் ஒருத்தர் மறுநாள் நான் வாசிக்கப் போகும் கல்யாண வீட்டுக்காரர். நல்லவேளை, அவருக்குக் காது மந்தம்.

உதட்டில் வருகிற முதல் வகை பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் அத்தை, பாட்டி, மாமா கொஞ்சி முத்தம் கொடுத்ததில் ஒட்டியது. உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூணில் ரெண்டு பேர் உடம்பில் இருக்கு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பல பேருக்குக் கொப்புளம் ஒரு தடவைகூட வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தொற்றியவர்களுக்குக் காதுக்கு முன்னால், மண்டை ஓட்டுக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில் அது படுத்திருக்கும். வெயில், காய்ச்சல், தூக்கமில்லாமை, மாதவிலக்கு, கவலை என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் நரம்பு வழியாக இறங்கி உதட்டுக்கு வரும். எந்த மாத்திரையும் அந்த முடிச்சுக்குள் போய் அதைத் துரத்தாது. இறங்கி வந்து பெருகுவதைத் தடுக்கும், அவ்வளவே. "ஒரே கோர்ஸில் நிரந்தரத் தீர்வு" என்று யாராவது விற்றால் வாங்காதீங்க.

அசைக்ளோவிர் வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மருந்து தூங்கிக்கொண்டு உடம்பெல்லாம் சுற்றும். வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் வைரஸே தனக்காகச் செய்து வைத்திருக்கும் ஒரு நொதி அதை எழுப்பிவிடும். எழுந்ததும் வைரஸ் பிரதி எடுக்கிற சங்கிலியில் போய் உட்கார்ந்து அதற்கு மேல் நீள விடாது. நல்ல செல்லில் அந்த நொதி இல்லை, அதனால் அங்கே பெரிதாகத் தொந்தரவு செய்யாது. இந்த மருந்து உருவான ஆய்வகத்தில் முக்கியமானவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையார். 1988-இல் மருத்துவ நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர். டாக்டர் பட்டம் முடிக்காதவர். எங்கள் வாத்தியாரும் எட்டாவது தாண்டாதவர் என்பதால் இதைக் கேட்டதிலிருந்து அந்த அம்மாள்மேல் தனி மரியாதை.

7 மார்ச், அரை மணி கழித்து

வாய்க்குள், கன்னத்தின் உள்பக்கம், நாக்கு ஓரத்தில் வெள்ளையாகக் குழி விழுந்து எரியும் புண் இது இல்லை. அதற்கு இந்த மாத்திரை தண்டம். வாய் ரெண்டு ஓரமும் வெடித்து வெளுத்துப்போய், சிரித்தால் கிழிவதும் இது இல்லை. அது பூஞ்சையாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம். நம்முடையது உதட்டுத் தோலும் முகத் தோலும் சேருகிற கரையில், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், கடுகு கொட்டிய மாதிரி நீர்க் கொப்புளமாகக் கொத்தாக வரும். முதல் தடவை வந்தால் டாக்டர் ஒரு முறை கண்ணால் பார்த்து இதுதான் என்று சொல்லட்டும், அப்புறம் நமக்கே அடையாளம் பழகிவிடும்.

19 மார்ச்

சிஷ்யப் பையன் ஒருத்தனுக்கு வந்திருக்கு. பதினாறு வயது. அவன் அம்மா கண்ணில் பட்ட சேற்றுப்புண் களிம்பை எடுத்துத் தடவியிருக்கார். குழாயைத் திருப்பிப் படித்தேன், உள்ளே குளோபெட்டசால். ஸ்டீராய்டு. முதல் நாள் சிவப்பு குறைந்த மாதிரி இருந்தது, மூணாம் நாள் மூக்கடி வரைக்கும் பரவிவிட்டது. ஸ்டீராய்டு அந்த இடத்தில் உடம்பின் காவலைத் தூங்க வைத்துவிடும், வைரஸுக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. எங்கள் ஊர்க் கடைகளில் சொறிக்கு, படைக்கு, முகப்பருவுக்கு என்று விற்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் இது ஒளிந்திருக்கு. "சோன்", "சால்" என்று முடிகிற பெயரைப் பார்த்தால் உதட்டுப் பக்கம் கொண்டுபோகாதீங்க.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் கண்ணைத்தான் பார்த்தார். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கருவிழியில் மரக்கிளை மாதிரிப் புண் விழும், பார்வையே கெடலாம் என்றார். கண் சிவந்து வெளிச்சம் கூசினால் மாத்திரைக் கணக்கு பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் அன்றைக்கே கண் டாக்டர்.

20 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் சுட்டிக்காட்டினார். "சால்" என்று முடிவதெல்லாம் ஸ்டீராய்டு இல்லை, குளோட்ரிமசால் வெறும் பூஞ்சை மருந்து. சரிதான். வால் பார்த்துப் பாம்பு பிடிக்கக் கூடாது. பெயர் முழுசாகப் படியுங்கள்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இதெல்லாம் ஸ்டீராய்டு.

களிம்பே போதுமா என்று முதல் கேள்வியில் கேட்டிருந்தாங்க, நான் பதில் சொல்லவே இல்லை. அசைக்ளோவிர் களிம்பும் இருக்கு. ஒரு நாளைக்கு ஐந்து தடவை தடவ வேண்டும், அதுவும் குறுகுறுப்பிலேயே ஆரம்பித்து. கிடைக்கிற பலன் சின்னது. வருஷத்தில் ஒண்ணு ரெண்டு தடவை வருகிறவருக்கு அது போதும், அல்லது ஒண்ணுமே வேண்டாம், பொருக்கு வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் வாஸ்லின் போதும். பற்பசை, சுண்ணாம்பு ரெண்டையும் நான் சின்ன வயதில் போட்டுப் பார்த்திருக்கேன். தோல் வெந்தது, கொப்புளம் அப்படியே இருந்தது.

2 ஏப்ரல்

சீவாளி பற்றிக் கேட்டிருக்கார் ஒரு ரசிகர். நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. சீவாளி நாணல் தட்டை, வாசிக்கும் முன்னால் எச்சிலில் ஊறி இளக வேண்டும். அதனால் நாலைந்து சீவாளி நூலில் கட்டித் தொங்கும், ஒண்ணு மாற்றி ஒண்ணு வாயில் போகும். குருகுலத்தில் வாத்தியார் ஊதிப் பார்த்துச் சரிசெய்து கொடுத்ததை அப்படியே நாங்கள் வாயில் வைப்போம். பிரசாதம் மாதிரி. எனக்கு எச்சிலில் வந்ததா, பாட்டி முத்தத்தில் வந்ததா தெரியாது. இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு சீவாளிப் பெட்டி. கொப்புளம் இருக்கும் வாரத்தில் வாயில் வைத்த சீவாளியை, உதடு ஆறியதும் தூக்கிப் போட்டுவிடுவேன். திருவாவடுதுறை சீவாளி, தூக்கிப் போடும்போது வயிறு எரியும்.

தண்ணீர்ச் சொம்பைப் பொறுத்தவரை நம்ம ஊர் பிழைத்தது. அண்ணாந்து குடிக்கிற பழக்கத்தைப் பழமை என்று சிரித்தவர்கள் கொப்புளம் வந்த வாரத்திலாவது அண்ணாந்து குடியுங்கள்.

21 ஜூன்

நான் 4 மார்ச் அன்று எழுதியதில் கடைசி வரியை யாரும் பின்பற்ற வேண்டாம். "அதிலிருந்தே பிய்த்துக் கொடுப்பேன்" என்று எழுதியிருந்தேனே, அதுதான். அழிக்கலாம் என்று பார்த்தேன், அப்படியே கிடக்கட்டும்.

எங்கள் செட்டில் தவில் வாசிக்கிறவர் எனக்கு மாமா முறை. எழுபத்தொன்று வயது, இருபது வருஷச் சர்க்கரை. ஆனி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவருக்கு உதட்டில் வந்தது. தவிலுக்கு உதடு வேண்டாம், ஆனாலும் எரிகிறது என்றார். என் அட்டையிலிருந்து 1 கிராம் மாத்திரை ரெண்டு, சாயங்காலத்துக்கு ரெண்டு கொடுத்தேன். எனக்குக் கொடுத்த அளவு. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் அவருக்கு 2.3 என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது என் மண்டையில் உதிக்கவே இல்லை.

மறுநாள் கொஞ்சம் குறைந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் போட்டால் சுத்தமாகப் போய்விடும் என்று அவரே முடிவு பண்ணி, காலி அட்டையைக் கடையில் காட்டி வாங்கியிருக்கார். சீட்டு கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. கூடவே முழங்கால் வலிக்கு வழக்கமான டைக்ளோஃபெனாக். கல்யாண அலைச்சலில் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை.

மூணாம் நாள் ராத்திரி அத்தை போன் பண்ணினாள். "வீட்டுக்குள்ள ஆடு நிக்குது, யார் அவுத்து விட்டதுன்னு கேக்குறாருடா." ஆடு ஒண்ணும் இல்லை. நான் போய்ப் பார்க்கும்போது சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார், தாளம் தப்பியது. ஐம்பத்தைந்து வருஷமாக வாசிக்கிறவர், அவர் தாளம் தப்பி நான் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பார்த்தோம், இல்லை. பக்கவாதமோ என்று தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இரவு டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "இந்த வாரம் புதுசா என்ன மாத்திரை போட்டார்?" நான் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். கிரியாட்டினின் 5.1. மாத்திரையை நிறுத்தி, நரம்பில் டிரிப் ஏற்றி, மறுநாள் ஒரு டயாலிசிஸ் செய்தார்கள். நாலாம் நாள் கண்ணைத் திறந்து, "அந்த ஆட்டை யார்டா புடிச்சுக் கட்டினது?" என்றார். கிண்டல் பண்ணுகிறாரா, இன்னும் தெளியவில்லையா என்று அத்தைக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. கிண்டல்தான்.

22 ஜூன்

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். இந்த மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும், மூளையில் குழப்பம், உளறல், இல்லாததைப் பார்ப்பது, கை நடுக்கம், தூக்கக் கலக்கம் எல்லாம் வரும். இன்னொரு பக்கம் உடம்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் மருந்து சிறுநீரகக் குழாயிலேயே உப்புப் பூத்த மாதிரிப் படிகமாகப் படிந்து அடைக்கும். வலி மாத்திரை அந்தக் காயத்தில் உப்பைத் தடவும். மாமாவுக்கு மூணும் சேர்ந்துகொண்டது.

கணக்கைச் சொன்னபோதுதான் எனக்கு வியர்த்தது. மாமாவின் வயது, எடை, கிரியாட்டினின் மூணையும் போட்டு டாக்டர் கணக்குப் பார்த்தார். சிறுநீரகம் நிமிஷத்துக்கு சுமார் 25 மில்லி லிட்டர்தான் வடிகட்டுகிறது. அந்த நிலையில் உதட்டுக் கொப்புளத்துக்கு அளவு 500 மி.கி., பன்னிரண்டு மணி கழித்து இன்னொரு 500. மொத்தம் 1 கிராம், ஒரே நாள். நான் கொடுத்தது 4 கிராம். அவர் சேர்த்துக்கொண்டது இன்னும் 8.

சர்க்கரை, ரத்த அழுத்தம் ரெண்டும் வருஷக் கணக்காக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் தளர்ந்திருக்கும். அறுபது தாண்டிய யாரும், வந்தால் போடலாம் என்று வாங்கி வைப்பதற்கு முன்னால் ஒரு கிரியாட்டினின் பார்த்து அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றியவர், கர்ப்பிணி, இவர்கள் யாரும் இந்தக் கேள்வி பதில் இழையில் எழுதிய எண்களைப் பார்த்துப் போட வேண்டாம். அவர்களுக்கு வேறு கணக்கு.

எனக்கு இது வரையில் வந்தது லேசான தலைவலி, ஒரு தடவை குமட்டல். அதனால் சாது மருந்து என்று நினைத்திருந்தேன். எனக்குச் சாதுதான்.

23 ஜூன்

"அப்போ மாத்திரையே விஷம்னு சொல்லுங்க, மோர் குடிங்க" என்று ஒருத்தர். மோர் குடிங்க, நல்லது, வெயிலுக்கு இதம். நான் சொன்னது விஷம் என்று இல்லை. இந்த மருந்து 1980களிலிருந்து உலகம் முழுக்க ஓடுகிறது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர் ஒரு நாள் சரியான அளவு போட்டு, கூட ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் பயப்பட ஒண்ணும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் முக்கியமில்லை. தப்பு பண்ணியது மாத்திரை இல்லை, பிய்த்துக் கொடுத்த கை.

30 ஜூன்

கேள்வி கேட்ட தங்கச்சி ஏறக்குறைய நாலு மாசம் கழித்து வந்திருக்காங்க. டாக்டரைப் பார்த்து சீட்டு வாங்கி வைத்திருக்காங்களாம், ஒரு தடவை குறுகுறுப்பில் போட்டு ஐந்து நாளில் ஆறியதாம். சந்தோஷம். இப்போது புதுக் கேள்வி: அக்காவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள், இவங்களுக்கு நேற்று மறுபடி கொப்புளம், பெயர் வைக்கிற விசேஷத்துக்குப் போகலாமா?

அம்மா, போகாதே. மாத்திரை போட்டாச்சே என்று நினைக்காதே. மாத்திரை போட்டாலும் கொப்புளத்தில் வைரஸ் இருக்கும், பொருக்கு விழுந்து தோல் மூடும் வரை ஒட்டும். பெரியவர்களுக்கு உதட்டில் நிற்கிற இது, பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு மூளைக்கும் ஈரலுக்கும் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தை சித்தி யாராக இருந்தாலும் முத்தம் கூடாது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முகமூடி போட்டு, கை கழுவி, தள்ளி நின்று பார். கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். ஒரு வேளை ஏற்கனவே யாராவது கொஞ்சியிருந்து, குழந்தை பால் குடிக்காமல் சுணங்கினாலோ காய்ச்சல் அடித்தாலோ கொப்புளம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

4 ஆகஸ்ட்

ஆடி. கல்யாணம் இல்லை. அம்மன் கோவிலில் நாலு நாள் தவிர வேலை இல்லை. சீவாளி சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கேன்.

ஒருத்தருக்கு வருஷத்தில் எட்டு ஒன்பது தடவை வருகிறதாம். அவருக்குத் தினமும் ஒரு மாத்திரை என்ற வழி இருக்கு. வாலசைக்ளோவிர் 500 தினமும் ஒண்ணு, அல்லது அசைக்ளோவிர் 400 ரெண்டு வேளை, சில மாசம் தொடர்ந்து. அடிக்கடி வருகிறவர்களுக்கு டாக்டர்கள் எழுதுவார்கள். நான் ஒரு சித்திரை, வைகாசி முழுக்க அப்படிப் போட்டேன். அந்த ரெண்டு மாசமும் வரவில்லை. நிறுத்திய பதினோராம் நாள் வந்தது, நான் இன்னும் இருக்கேன் என்று சொல்ல வந்த மாதிரி.

மாத்திரையைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது வெயில் தடுக்கிற உதட்டுப் பூச்சு. புறப்பாட்டுக்கு முன்னால் தடவ வேண்டும், வாசிக்கும்போது அழிந்துவிடும், வீதி திரும்பும் இடத்தில் மறுபடி. முதல் தடவை தடவியபோது, கூட சுருதி ஊதுகிற ஒத்துக்காரர், "என்னண்ணே, லிப்ஸ்டிக்கா?" என்றார். சீவாளியில் லேசாக மெழுகு வாடை ஏறும், சஹானா ராகத்தில் ஒரு ஸ்வரம் வழுக்கியது கூட உண்டு. பரவாயில்லை.

இன்னொரு சங்கதி. பொருக்கு ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், அல்லது முகம் முழுக்கப் பரவினால், இது வழக்கமான உதட்டுக் கொப்புளம் என்று நினைத்து மேலும் மேலும் மாத்திரை வாங்காதீங்க, காட்டுங்கள். கரப்பான் என்கிற தோல் நோய் இருக்கும் குழந்தைகளுக்கு இது தோலெல்லாம் பரவும், அது அவசரக் கேஸ்.

1 செப்டம்பர்

ஆவணி பிறந்ததும் நாலு முகூர்த்தம். முதல் கல்யாணத்திலேயே மாமா தவிலோடு வந்துவிட்டார். கிரியாட்டினின் 2.6-க்கு இறங்கி நிற்கிறது, பழைய இடத்துக்கு வரவில்லை. டாக்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கார். அவர் அதை இரண்டு ராகத்துக்கு மேல் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கார்.

இழை நீண்டுவிட்டது, நாளைக் காலை நாலு மணிக்கு வேன். சீவாளிப் பெட்டி, பூச்சு, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தாச்சு. அட்டை மேல் பேனாவில் என் பெயரும், கீழே "மற்றவருக்கு இல்லை" என்றும் எழுதியிருக்கேன். போன வாரம் வேனில் மாமா என் பக்கத்தில் உட்கார வந்தார், பையைப் பார்த்தார், முன் சீட்டில் இருந்த ஒத்துக்காரரிடம், "தம்பி, நீ இங்கே வா, நான் அங்கே போறேன். அந்தப் பைக்குள்ள ஆடு இருக்கு" என்றார்.